பைதான் டெஸ்ட்டில் கிளாஸை மாக் செய்யும்போது எங்கே தவறுகிறோம்?

மெயில் அனுப்பும் ஃபங்ஷன் ஒன்றுக்கு டெஸ்ட் எழுதியிருந்தேன். என் லேப்டாப்பில் பாஸ். கோடைத் தானாக டெஸ்ட் செய்யும் சிஐ சர்வரில் மட்டும் வெகுநேரம் தொங்கிவிட்டு டைம்அவுட் ஆனது. மெயில் சர்வரோடு பேசும் எஸ்எம்டிபி கிளாஸைத்தான் மாக் செய்துவிட்டேனே (அசலுக்குப் பதில் போலியை வைத்துவிட்டேனே), நெட்வொர்க் எதற்கு என்று அரை நாள் தேடினேன். கடைசியில்தான் புரிந்தது: லேப்டாப்பில் அந்த டெஸ்ட் ஒவ்வொரு முறையும் உண்மையான மெயில் சர்வரோடு பேசியிருக்கிறது. ஃபங்ஷன் என்ன திருப்பித் தருகிறது என்பதை மட்டும் நான் சரிபார்த்ததால் சந்தேகமே வரவில்லை.

பைதானின் எஸ்எம்டிபிலிப் மாட்யூலில் உள்ள எஸ்எம்டிபி கிளாஸுக்கு ஹோஸ்ட் பெயரைக் கொடுத்தால், கன்ஸ்ட்ரக்டரே (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் கோடு) கனெக்ஷனைத் திறந்துவிடும். ஆப்ஜெக்ட் உருவாகும் முன்பே தடுத்தாக வேண்டும். நான் தடுத்த இடம்தான் தப்பு.

நோட்டிஃபை என்ற என் மாட்யூலில் 'ஃப்ரம் எஸ்எம்டிபிலிப் இம்போர்ட் எஸ்எம்டிபி' என்று எழுதியிருந்தேன். அந்த வரி ஓடியதுமே நோட்டிஃபைக்குள் எஸ்எம்டிபி என்று தனியாக ஒரு பெயர் பிறந்துவிடுகிறது. அது அசல் கிளாஸைக் காட்டுகிறது. அப்புறம் போய் 'எஸ்எம்டிபிலிப்.எஸ்எம்டிபி'யை பேட்ச் செய்தால், அதாவது அந்தப் பெயரில் போலியை வைத்தால், எஸ்எம்டிபிலிப் வீட்டுப் பெயர்ப்பலகைதான் மாறும். நோட்டிஃபையின் பலகை அப்படியே இருக்கும். பேட்ச் செய்ய வேண்டியது 'நோட்டிஃபை.எஸ்எம்டிபி'. பெயர் எங்கே பயன்படுகிறதோ அங்கேதான் மாற்ற வேண்டும், பிறந்த இடத்தில் அல்ல. வெறும் 'இம்போர்ட் எஸ்எம்டிபிலிப்' என்று எழுதி, புள்ளி வைத்து அழைத்திருந்தால் என் பழைய பேட்ச் வேலை செய்திருக்கும்.

சரி, இடம் சரியானது. அடுத்த குழப்பம்: பேட்ச் நம் கையில் கொடுப்பது போலி கிளாஸ், போலி ஆப்ஜெக்ட் அல்ல. ஆப்ஜெக்ட் அதன் ரிட்டர்ன்_வேல்யூவில் இருக்கிறது. 'வித்' பிளாக்கில் திறந்தால் இன்னும் ஒரு படி உண்டு. அசல் எஸ்எம்டிபி, 'வித்'துக்குள் நுழையும்போது தன்னையே திருப்பித் தரும். பேட்ச் வைக்கும் போலியான மேஜிக்மாக் அப்படிச் செய்யாது, வேறொரு மாக்கைத் தரும். அதனால் மெயில் அனுப்பும் சென்ட்_மெசேஜ் மெத்தட் அழைக்கப்பட்டதா என்று தவறான மாக்கிடம் கேட்டு, 'அழைக்கப்படவே இல்லை' என்ற பதிலோடு தலையைப் பிய்த்துக்கொள்வோம். போலி ஆப்ஜெக்ட்டின் என்டர் மெத்தட் தன்னையே திருப்பும்படி ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது.

ஆட்டோஸ்பெக் (போலியும் அசல் கிளாஸின் வடிவத்திலேயே இருக்கச் செய்யும் ஆப்ஷன்) போடாமல் விடுவதும் ஆபத்துதான். வெறும் மாக் எதைக் கேட்டாலும் தலையாட்டும். கோடில் மெத்தட் பெயரைத் தப்பாக அடித்திருந்தாலும் டெஸ்ட் பாஸ் ஆகும். ஆட்டோஸ்பெக் இருந்தால் இல்லாத மெத்தட்டையும், கன்ஸ்ட்ரக்டருக்குப் போகும் தவறான ஆர்க்யுமென்ட்டையும் பிடித்துவிடும். ஆனால் கன்ஸ்ட்ரக்டருக்குள் மட்டும் உருவாகும் அட்ரிபியூட் எதுவும் அதற்குத் தெரியாது. அவற்றை நாமே வைக்க வேண்டும்.

ஒரே ஒரு முறை அழைக்கப்பட்டதா என்று சரிபார்க்கும் 'அசர்ட்_கால்ட்_ஒன்ஸ்' என்பதில் முதல் சொல்லை விட்டுவிட்டு 'கால்ட்_ஒன்ஸ்' என்று எழுதினால், பழைய பைதானில் அது எப்போதும் உண்மை என்றே வரும். 3.12 முதல்தான் எர்ரர் காட்டுகிறது.

இன்னொன்று. ஃபங்ஷனின் டீஃபால்ட் ஆர்க்யுமென்ட்டாக எஸ்எம்டிபி கிளாஸைக் கொடுத்திருந்தால், சரியான இடத்தில் பேட்ச் செய்தும் பலிக்காது. ஃபங்ஷனை வரையறுக்கும் டெஃப் வரி ஓடியபோதே அசல் கிளாஸ் அங்கே ஒட்டிக்கொண்டுவிட்டது. அங்கே பேட்சே வேண்டாம். டெஸ்ட்டிலிருந்து போலி கிளாஸை நேராக ஆர்க்யுமென்ட்டாகக் கொடுத்துவிடலாம். இப்போது என் மெயில் ஃபங்ஷனை அப்படித்தான் மாற்றி வைத்திருக்கிறேன்.