கிம்பர்லிக்கு வருபவர்கள் சாலையில் இறங்கும் முன்

மேற்கு ஆஸ்திரேலியாவின் வடகோடியில் உள்ள கிம்பர்லிப் பகுதிக்குச் செவிலியராகவோ ஆசிரியராகவோ பொறியாளராகவோ வேலை கிடைத்து வரும் தமிழ்க் குடும்பங்களிடம், வீடு பார்ப்பதற்கும் பள்ளி தேடுவதற்கும் முன்னால், வரைபடத்தில் தூரத்தைப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வது வழக்கம். இந்தப் பகுதியின் பரப்பு சுமார் 4,20,000 சதுர கிலோமீட்டர்; தமிழ்நாட்டைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம். அத்தனை நிலத்திலும் வாழ்பவர்கள் ஏறத்தாழ 40,000 பேர்தான். பெர்த்திலிருந்து புரூம் நகருக்குச் சாலை வழியே 2,200 கிலோமீட்டருக்கு மேல். சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை மூன்று முறை போவதற்குச் சமம்.

நம் ஊரில் வண்டி நின்றுவிட்டால் பத்து நிமிடத்தில் நாலு பேர் கூடிவிடுவார்கள், அடுத்த தேநீர்க் கடையில் யாரையாவது கேட்கலாம் என்ற நம்பிக்கை நம் உடம்பிலேயே ஊறியிருக்கிறது. நல்ல நம்பிக்கைதான், ஆனால் இங்கே அதை நம்பிப் புறப்படக் கூடாது. நாங்கள் வந்த முதல் ஆண்டில், புரூமிலிருந்து 220 கிலோமீட்டர் தள்ளியுள்ள டெர்பிக்கு, கைக்குழந்தையோடு இரண்டே பாட்டில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போனோம். திரும்பும் வழியில் டயர் வெடித்தது. ஸ்டெப்னியில் காற்றே இல்லை. மாட்டுப்பண்ணையில் வேலை செய்யும் ஒருவர் வண்டியை நிறுத்தி உதவும்வரை இரண்டரை மணி நேரம் வெயிலில் காத்திருந்தோம். ஸ்டெப்னியை முன்கூட்டிப் பார்க்காதது என் தவறு. அன்றிலிருந்து எவ்வளவு குறுகிய பயணமானாலும் ஒருவருக்கு ஒரு நாளைக்குப் பத்து லிட்டர் தண்ணீர் என்று கணக்கிட்டே வண்டியில் ஏற்றுகிறேன்.

இங்கே பருவம் இரண்டுதான்: மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம், நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம். மழைக்காலத்தில் புயல் வரும், ஆறுகள் கரைபுரளும், மண்சாலைகள் மூடப்படும். 2023 ஜனவரியில் ஃபிட்ஸ்ராய் ஆற்றில் வந்த வெள்ளம் ஃபிட்ஸ்ராய் கிராசிங் ஊரின் பாலத்தையே உடைத்துவிட்டது. நெடுஞ்சாலை துண்டிக்கப்பட்டதால் சரக்குகள் நெடுந்தூரம் சுற்றி வர நேர்ந்தது. புதிய பாலம் அந்த ஆண்டு டிசம்பரில்தான் திறக்கப்பட்டது. ஆகவே மழை தொடங்குவதற்கு முன்பே அரிசி, பருப்பு, புளி, மாத்திரைகள், குழந்தைக்கான பால்மாவு ஆகியவற்றை இரண்டு வாரத்துக்காவது வீட்டில் இருப்பு வையுங்கள். ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் மாநிலச் சாலைத் துறையின் இணையதளத்தில் எந்தச் சாலை மூடியிருக்கிறது என்று பாருங்கள். மூடிய சாலையில் போனால் அபராதம் உண்டு. அதைவிட, வண்டி சேற்றில் சிக்கினால் மீட்க ஆள் வரவே நாளாகும்.

எரிபொருள் விஷயத்தில் அரை டேங்க் என்பதைக் காலி டேங்க் என்றே எண்ணுங்கள். புரூமிலிருந்து தெற்கே போகும்போது, ரோபக் ரோட்ஹவுஸை (நெடுஞ்சாலையோர எரிபொருள் நிலையம்) தாண்டினால் சாண்ட்ஃபயர் ரோட்ஹவுஸ் வரை ஏறக்குறைய 290 கிலோமீட்டருக்கு எரிபொருள் கிடையாது. இரவில் வண்டி ஓட்டாதீர்கள் என்பதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். பண்ணைகளுக்கு வேலி இல்லாததால் மாடுகள் சாலையிலேயே படுத்திருக்கும். அந்தி, விடியல் வேளைகளில் கங்காருக்கள் குறுக்கே பாயும். ஐம்பது மீட்டருக்கு மேல் நீளும், ‘ரோட் ட்ரெயின்’ எனப்படும் தொடர்லாரிகளை முந்துவதற்கு ஒரு கிலோமீட்டருக்கும் மேல் வெற்றுச் சாலை கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரியவில்லையென்றால் பின்னாலேயே போங்கள். வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒப்பந்தத்தை முழுக்க வாசியுங்கள். மண்சாலையிலும் இரவிலும் ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை பலவற்றில் இருக்கும்.

ஊர் எல்லையைத் தாண்டிச் சில கிலோமீட்டரிலேயே கைப்பேசிச் சமிக்ஞை போய்விடும். இருக்கும் இடங்களிலும் டெல்ஸ்ட்ரா மட்டுமே எடுக்கும் பகுதிகள் அதிகம் என்பதால், மற்ற நிறுவனங்களின் சிம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடாதீர்கள். அடிக்கடி பயணம் செய்பவர்கள் செயற்கைக்கோள் தொலைபேசியோ, அவசரத்தில் பொத்தானை அழுத்தினால் மீட்புக் குழுவுக்கு நம் இருப்பிடத்தை அனுப்பும் கருவியோ வைத்திருப்பது அவசியம். இந்தக் கருவியை ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்யலாம். அவசர எண் 000. எந்த வழியாகப் போகிறீர்கள், எப்போது சேர்வீர்கள் என்பதை ஒரு நண்பரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். வண்டி நின்றுபோனால், எவ்வளவு நேரமானாலும், அதன் அருகிலேயே இருங்கள். வானிலிருந்து தேடுபவர்களுக்கு வண்டி தெரியும். புதருக்குள் நடந்துபோன மனிதர் தெரியமாட்டார்.

அடுத்தது தண்ணீர். ஆற்றைக் கண்டால் இறங்கிக் குளிக்க வேண்டும் என்பது நம் சுபாவம். கிம்பர்லியின் கழிமுகங்களிலும் ஆறுகளிலும் செம்மூக்கு முதலைகள் உண்டு. ஐந்து மீட்டருக்கு மேல் வளரும் இவை கடலிலிருந்து வெகுதூரம் உள்நாட்டு நன்னீருக்குள்ளும் வரும். எச்சரிக்கைப் பலகை இல்லை என்பதால் முதலை இல்லை என்று பொருளாகாது. கரையோரத்தில் மீனை அறுத்துக் கழுவாதீர்கள், ஒரே இடத்தில் தினமும் தண்ணீர் மொள்ளாதீர்கள், கரையிலிருந்து தள்ளியே கூடாரம் போடுங்கள். ஏறத்தாழ 660 கிலோமீட்டர் நீளும் கிப் ரிவர் சாலையில் பென்டகோஸ்ட் ஆற்றைக் கடக்கும்போது, ஆழம் பார்க்கிறேன் என்று காலை நனைக்கக் கூடாது. முன்னால் போகும் வண்டி எப்படிக் கடக்கிறது என்று கரையிலிருந்தே கவனியுங்கள்.

புரூமின் கேபிள் கடற்கரை அழகானது. ஆனால் இங்கே ஓதம், அதாவது கடல்மட்டம், ஒன்பது மீட்டரையும் தாண்டி ஏறி இறங்கும். மெரினாவையோ கொழும்பின் காலி முகத்திடலையோ மட்டும் பார்த்த கண்ணுக்கு இது நம்பக் கடினமாக இருக்கும். மணலில் நிறுத்திய வண்டிகள் ஏறும் ஓதத்தில் மூழ்கிப்போவதுண்டு. ஓத அட்டவணையைப் பார்க்காமல் வண்டியை மணலில் இறக்காதீர்கள். நவம்பர் முதல் மே வரை, நம் மீனவர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லிமீன்களில் கொடிய வகைகள் இந்தக் கடலில் வரும். இருகாஞ்சி என்னும் வகை விரல்நகம் அளவே இருக்கும். கொட்டியபோது பெரிதாகத் தெரியாது, அரை மணி நேரம் கழித்தே கடும் முதுகுவலியும் வாந்தியும் தொடங்கும். கொட்டிய இடத்தில் உடனே வினிகர் ஊற்றி, 000-ஐ அழையுங்கள்.

தெற்கே பாலைவனப் பக்கம் போக ஆசைப்படுபவர்கள் முதல் ஆண்டில் ஹால்ஸ் கிரீக்குக்குத் தெற்கே உள்ள உல்ஃப் கிரீக் விண்கல் பள்ளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதற்கே உயரமான நான்கு சக்கர இயக்க வண்டியும் இரண்டு ஸ்டெப்னியும் வேண்டும். அதற்கு அப்பால் 1,850 கிலோமீட்டர் நீளும் கேனிங் மாட்டுவழி (முன்பு மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்ற பாதை), பல வண்டிகள் சேர்ந்து, மாதக்கணக்கில் திட்டமிட்டுப் போக வேண்டியது. ஜூலை இரவுகளில் பாலைவனம் நடுங்கவைக்கும். போர்வை எடுத்துச் செல்லுங்கள்.

இந்த நிலம் ஆதிக்குடிகளின் நிலம் என்பதை மறந்து இங்கே நடமாடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். பண்டில்ஙன் பள்ளத்தாக்கும் அதன் அருகிலுள்ள குகையாறும் பூனுபா மக்களின் இடங்கள். குடியேறிகளை எதிர்த்துப் போராடிய ஜண்டமாரா 1897-இல் அந்தக் குகையாற்றில்தான் கொல்லப்பட்டார். அவர்களின் ஊர்களுக்குள் செல்ல அனுமதி தேவைப்படலாம். அதை முன்கூட்டியே பெறுங்கள். ஊரில் துக்கம் நடந்தால் சில இடங்களை மூடிவைப்பார்கள், இறந்தவரின் பெயரையும் சொல்லமாட்டார்கள். பாறை ஓவியங்களைத் தொடாதீர்கள், கேட்காமல் யாரையும் படமெடுக்காதீர்கள்.

டார்வின் பக்கமிருந்து சாலை வழியே வருபவர்களுக்கு ஒரு சொல். குனுனுராவுக்கு அருகே மாநில எல்லையில் தாவர நோய்த்தடுப்புச் சோதனைச்சாவடி இருக்கிறது. புதிய காய்கறி, பழம், தேன், செடி, விதை எதுவும் உள்ளே வர முடியாது. கறிவேப்பிலைக் கொத்தையும் வாங்கிக்கொள்வார்கள். எல்லைக்கு முந்தைய இரவே இருக்கும் காய்களையெல்லாம் போட்டுச் சாம்பார் வைத்துவிடுங்கள்.