கருணையோட பிசினஸ் நடத்த நினைக்கிறவங்க வழக்கமா சறுக்குற இடங்கள்

சொந்தமா பிசினஸ் ஆரம்பிக்கிற நிறைய பேருக்கு மனசுக்குள்ள ஒரு வைராக்கியம் இருக்கும், நம்மள நடத்தின மாதிரி நாம யாரையும் நடத்தக்கூடாதுன்னு. எனக்கும் அது இருந்துச்சு. பத்துப் பன்னெண்டு பேர் இருக்கிற ஒரு சின்ன டீமை பல வருஷமா நடத்துறேன், நான் செஞ்ச பெரிய தப்புகள் பாதிக்கு மேல கெட்ட எண்ணத்துல செஞ்சதே கிடையாது, நல்லவனா இருக்கணும்னு நினைச்சு செஞ்சதுதான். அதனாலதான் இதை எழுதுறேன்.

முதல் தப்பு, கஷ்டமான பேச்சைத் தள்ளிப்போடுறது. எங்க டீம்ல ஒருத்தர் நல்லா வேலை செஞ்சுட்டு இருந்தவர், வீட்ல அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போனதும் வேலைல தடுமாற ஆரம்பிச்சாரு. பாவம் இந்த நேரத்துல போய் என்னத்த சொல்றதுன்னு நான் கண்டும் காணாம விட்டேன், ஒரு மாசம் ரெண்டு மாசம்னு போய் எட்டு மாசம் ஆயிடுச்சு, அவர் விட்ட வேலையெல்லாம் மத்தவங்க தலைல விழுந்துச்சு, அதுல ரெண்டு பேர் வெறுத்துப்போய் வேலைய விட்டே போயிட்டாங்க. கடைசில வேற வழியில்லாம அவரையே கூப்பிட்டு நிறுத்த வேண்டியதாச்சு. அன்னைக்கு அவர் கோபப்படல, "அப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா நானே சரி பண்ணியிருப்பேனே சார்"னு மட்டும்தான் சொன்னாரு. இன்னும் மறக்க முடியல. நான் எட்டு மாசமும் காப்பாத்துனது அவரை இல்ல, அந்தப் பேச்சைப் பேசுற சங்கடத்துல இருந்து என்னையத்தான்.

இப்ப நான் வச்சிருக்கிற பழக்கம் இது. ஒரு விஷயம் கண்ணுல பட்டா ஒரு வாரத்துக்குள்ள தனியா கூப்பிட்டு உக்கார வச்சுப் பேசிடுவேன். ஆள் எப்படின்னு பேச மாட்டேன், எந்த வேலை எங்க தவறுச்சுன்னு மட்டும் சொல்லுவேன், அப்புறம் என்ன நடக்குதுன்னு கேட்டுட்டு வாயை மூடிக்குவேன், ஏன்னா பல தடவை காரணம் நமக்குத் தெரியாத எடத்துல இருக்கும். லீவு வேணுமா, கொஞ்ச நாளைக்கு வேலைய குறைக்கணுமா, எந்த தேதிக்குள்ள எது மாறணும்னு ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணி அதை எழுதி வச்சுக்குவோம். அப்புறம் வாராவாரம் அஞ்சு நிமிஷம் பேசுவோம், அவ்வளவுதான்.

இதோட ஒட்டுன இன்னொரு தப்பு, கெட்ட செய்தி கொண்டு வர்றவங்க கிட்ட முகத்தைக் காட்டுறது. திட்டவே வேணாம், ஒரு பெருமூச்சு போதும், அடுத்த தடவை அந்த ஆள் நம்ம கிட்ட வரமாட்டாரு. ஏமி எட்மண்ட்சன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1990கள்ல ஆஸ்பத்திரி டீம்கள்ல மருந்து கொடுக்கிறப்ப நடக்கிற தப்புகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ணாங்க, நல்ல டீம்ல தப்பு கம்மியா இருக்கும்னு எதிர்பார்த்தா கணக்கு தலைகீழா வந்துச்சு, நல்ல டீம்லதான் தப்பு அதிகமா பதிவாகியிருந்துச்சு. நல்ல டீம்ல இருக்கிறவங்க பயப்படாம வெளிய சொல்றாங்க, மத்த எடத்துல மூடி மறைச்சிடுறாங்க, அதுதான் காரணமா இருக்கும்னு அவங்களுக்குப் புரிஞ்சுது. நம்ம ஆபீஸ்ல யாரும் தப்பே சொல்றதில்லன்னா அதுக்கு சந்தோஷப்படக்கூடாது, கொஞ்சம் பயப்படணும்.

அடுத்தது, எல்லார் கஷ்டத்தையும் நம்ம தோள்ல ஏத்திக்கிறது. டானியா சிங்கர்ங்கிற நரம்பியல் ஆராய்ச்சியாளரும் அவங்க குழுவும் பண்ண ஆய்வுல, அடுத்தவங்க வலியை அப்படியே தனக்குள்ள உணரப் பழகினவங்களுக்கு மனசு இன்னும் வாடிப்போச்சு, ஆனா அவங்க நல்லா இருக்கணும்ங்கிற அக்கறையோட பாக்கப் பழகினப்ப மனசு தேறுச்சு, மூளைல வேலை செய்ற பகுதிகளே ரெண்டுக்கும் வேற வேறயா இருந்துச்சு. கூட சேந்து அழுதுட்டு நாமளும் படுத்துக்கிட்டா அவங்களுக்கு என்ன உதவி? "இப்ப உங்களுக்கு எது செஞ்சா உதவியா இருக்கும்"னு கேட்டு, நம்மளால முடிஞ்சதை செய்யணும், முடியாததை முடியாதுன்னு அன்னைக்கே சொல்லிடணும்.

நம்ம மூடைப் பொறுத்து கருணை காட்டுறதும் பெரிய தப்பு. நல்லா பேசத் தெரிஞ்சவருக்கு அட்வான்ஸ் கிடைக்கும், வாயில்லாப்பூச்சியா இருக்கிறவர் கேக்கக்கூட மாட்டாரு. லீவு, அட்வான்ஸ், வீட்டு அவசரம் எல்லாத்துக்கும் என்ன விதின்னு எழுதி எல்லார் கண்ணுல படுற மாதிரி வச்சிடுங்க. அமெரிக்கால பேரி வேமில்லர்னு ஒரு கம்பெனி, 2009 பொருளாதார மந்தத்துல ஆர்டர் குறைஞ்சப்ப யாரையும் வேலைய விட்டு அனுப்பாம, மேல இருந்து கீழ வரைக்கும் எல்லாரும் நாலு வாரம் சம்பளமில்லாத லீவு எடுக்கணும்னு முடிவு பண்ணாங்க. சுமை எல்லாருக்கும் பொதுவா இருந்ததால, வசதி இருக்கிறவங்க முடியாதவங்களோட வாரத்தையும் சேத்து எடுத்துக்கிட்டாங்க.

ஆனா கணக்குப் புத்தகத்தைப் பாக்காம காட்டுற கருணையும் நிக்காது. அமெரிக்கால மால்டன் மில்ஸ்னு ஒரு துணி மில், 1995 டிசம்பர்ல தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சு, ஓனர் ஆரன் ஃபியர்ஸ்டீன் மில்லை அதே ஊர்ல திரும்பக் கட்டுவேன்னு சொல்லி, வேலையே இல்லாத நேரத்துலயும் தொழிலாளிகளுக்கு சம்பளம் கொடுத்தாரு. நாடே கொண்டாடுச்சு. ஆனா திரும்பக் கட்டுனதுல ஏறின கடன் அழுத்தி 2001ல கம்பெனி திவால் நோட்டீஸ் கொடுக்க வேண்டியதாச்சு. அவர் செஞ்சது தப்புன்னு நான் சொல்லவே மாட்டேன், அவர் மேல எனக்கு ரொம்ப மரியாதை. ஆனா நம்ம ஆளுங்களைக் கஷ்ட காலத்துல தாங்கணும்னு நிஜமாவே நினைச்சா, நல்லா ஓடுற காலத்துலயே மூணு மாச சம்பளமாவது தொடாம ஒதுக்கி வைக்கணும். அந்தப் பணமும் கருணைலதான் சேத்தி.

ஆளைக் குறைக்க வேண்டிய நிலைமையும் சில சமயம் வரும். 2021 டிசம்பர்ல ஒரு முதலாளி ஒரே ஜூம் கால்ல சுமார் 900 பேரை மூணு நிமிஷம் போல பேசி அனுப்பினது உலகம் பூரா பேசப்பட்டுச்சு. அதுக்கு முந்தின வருஷம் மே மாசம் தங்குறதுக்கு வீடு வாடகைக்குப் பிடிச்சுக் கொடுக்கிற ஏர்பிஎன்பி கம்பெனி சுமார் 1,900 பேரை வேலைய விட்டு அனுப்புச்சு, அதுவும் பெரிய அடிதான், ஆனா காரணத்தை முழுசா எழுதிச் சொன்னாங்க, அமெரிக்க ஊழியர்களுக்குக் குறைஞ்சது 14 வாரச் சம்பளம் கொடுத்தாங்க, லேப்டாப்பை அவங்களையே வச்சுக்கச் சொன்னாங்க, வேற வேலை தேட ஒரு குழுவையும் போட்டாங்க. வேலை போறது ரெண்டு எடத்துலயும் ஒண்ணுதான், ஆனா போற மனுஷன் வீட்டுக்கு என்ன நினைப்போட போறாரு, மிச்சம் இருக்கிறவங்க நாளைக்கு நம்மள எப்படிப் பாப்பாங்க, அது மாறிடும்.

சரி, பிசினஸுக்கு ஒரு நோக்கம் வேணும்னு பேசுறாங்களே, அதுக்கு வருவோம். இங்க நடக்கிற தப்பு, அதை ஒரு அழகான வாக்கியமா எழுதி ஃப்ரேம் போட்டு மாட்டுறது. அமெரிக்கால என்ரான்ங்கிற எரிசக்தி கம்பெனி வச்சிருந்த நாலு கொள்கைல மரியாதையும் நேர்மையும் இருந்துச்சு, கணக்கு மோசடி வெளிய வந்து 2001 டிசம்பர்ல திவாலாச்சு. வெல்ஸ் ஃபார்கோ பேங்க்ல ஒவ்வொரு கஸ்டமர் தலைலயும் எட்டு ப்ராடக்ட் கட்டணும்னு டார்கெட், அது தாங்காம ஊழியர்கள் கஸ்டமருக்குத் தெரியாமயே அக்கவுண்ட் தொறந்தாங்க, 2016ல வெளிய வந்தப்ப சுமார் 5,300 பேர் வேலை போயிருந்துச்சு. ஒரு கம்பெனியோட உண்மையான நோக்கம் என்னன்னு தெரியணும்னா, மாசக் கடைசில எந்த நம்பருக்காக ஆளைத் திட்டுறாங்கன்னு பாத்தாலே போதும்.

சொன்னபடி நின்ன உதாரணமும் இருக்கு. ஜான்சன் அண்ட் ஜான்சன்ல 1943லயே எங்க முதல் பொறுப்பு எங்க பொருளைப் பயன்படுத்துறவங்க கிட்டதான்னு எழுதி வச்சிருந்தாங்க. 1982ல சிகாகோ பக்கம் யாரோ அவங்களோட டைலெனால்ங்கிற வலி மாத்திரைல விஷம் கலந்து ஏழு பேர் செத்துப்போனப்ப, தப்பு கம்பெனி மேல இல்லன்னாலும் சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டிலைத் திரும்ப எடுத்துக்கிட்டாங்க. ஆனா அதே கம்பெனி மேல பிற்காலத்துல பவுடர் விஷயமா ஆயிரக்கணக்குல வழக்கு வந்துச்சு, அதையும் சேத்துதான் பாக்கணும். ஒரு தடவை நல்லது செஞ்ச பேரை வச்சுக்கிட்டு காலம் பூரா ஓட்ட முடியாது.

நோக்கத்தை முதலாளி மட்டும் மனசுல வச்சிருக்கிறதும் வீண். ஆடம் கிராண்ட்னு ஒரு பேராசிரியர் 2007ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு, ஒரு யுனிவர்சிட்டிக்கு போன்ல நன்கொடை கேக்குற கால் சென்டர் ஆளுங்களை, அந்தப் பணத்துல ஸ்காலர்ஷிப் வாங்கிப் படிச்ச ஒரு மாணவரோட அஞ்சே நிமிஷம் பேச வச்சாங்க. ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா அவங்க போன்ல செலவழிச்ச நேரம் ரெண்டு மடங்குக்கு மேல, திரட்டின பணமும் ரெண்டு மடங்குக்கு மேல. நாங்க இதை அப்படியே எடுத்துக்கிட்டோம், மாசம் ஒருதரம் ஒரு கஸ்டமரை வரச்சொல்லி, எங்க வேலையால அவங்களுக்கு என்ன மாறுச்சு, எங்க கஷ்டப்பட்டாங்கன்னு டீம் முன்னாடி பேச வைக்கிறோம். பேக்கிங் பண்றவரும் கணக்கு எழுதுறவரும் கூட உக்காந்து கேப்பாங்க, அவங்கதான் நிறைய கேள்வியும் கேப்பாங்க.

ஒண்ணு மட்டும் தயவுசெஞ்சு செய்யாதீங்க. நோக்கத்தைக் காட்டி சம்பளத்தைக் குறைக்காதீங்க. "நாம எல்லாம் ஒரே குடும்பம், பெரிய காரியம் பண்றோம்"னு சொல்லி ஓவர்டைம் காசை முழுங்குறது சுரண்டல், அதுக்கு வேற நல்ல பேர் கிடையாது. முதல்ல நியாயமான சம்பளம், அதுவும் சரியான தேதில, அதுக்கப்புறம்தான் மத்த பேச்சு.

கடைசியா, நேரங்கெட்ட நேரத்துல வேலையப் பத்திப் பேசுறது. ஒரு வருஷம் பூரா ராத்திரி பதினொரு மணிக்கு தோணுறதையெல்லாம் டீம் குரூப்ல போட்டுட்டு இருந்தேன், உடனே பதில் போடுங்கன்னு நான் கேக்கவே இல்ல, ஆனா எல்லாரும் பதில் போட்டாங்க, குழந்தையத் தூங்க வச்சுக்கிட்டே ஒருத்தங்க டைப் பண்ணியிருக்காங்க, எனக்கு அது ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. இப்பவும் ராத்திரிலதான் எனக்கு யோசனை வரும், எழுதி வச்சுக்குவேன், ஆனா அது காலைல ஒன்பதரைக்குத்தான் குரூப்புக்குப் போகும்.