தேவதைக் கதையும் கம்பெனியும் கலந்த நாவல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூதம் மேனேஜராக இருக்கிறது, சூனியக்காரி டார்கெட் கேட்கிறாள், ஓநாய் மீட்டிங்கில் தூங்கி வழிகிறது. தேவதைக் கதை உலகத்தை வைத்து வியாபாரத்தைக் கிண்டல் செய்ய நினைப்பவர்கள் பலரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆபீஸ் வார்த்தையைப் பூதத்தின் வாயில் போட்டால் ஒரு முறை சிரிப்பு வரும், அவ்வளவுதான். பழைய கதைக்குள்ளேயே கொடுக்கல் வாங்கல் நிறைய இருக்கிறது. அதைத் தேடாமல் விடுவதுதான் பெரிய தவறு என்பேன்.

மூலத்தைப் படிக்காமல் சினிமா ஞாபகத்தில் எழுதுவதால் வரும் வினை இது. தவளை இளவரசன் என்றதும் முத்தம்தான் நினைவுக்கு வருகிறது. ஜெர்மன் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் 1812-ல் வெளியிட்ட தொகுப்பில் முத்தமே கிடையாது. கிணற்றில் விழுந்த தங்கப் பந்தை எடுத்துத் தந்தால் கூடவே வைத்துக்கொள்வதாக இளவரசி தவளைக்கு வாக்குக் கொடுக்கிறாள். பந்து கைக்கு வந்ததும் ஓடிவிடுகிறாள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றியே ஆக வேண்டும் என்று அப்பா கண்டிப்பாக நிற்கிறார். ஆத்திரத்தில் அவள் தவளையைச் சுவரில் வீசி அடிக்க, தவளை இளவரசனாக மாறுகிறது. ஒப்பந்தம், ஏய்ப்பு, பஞ்சாயத்து எல்லாம் அதிலேயே இருக்கிறது!

அப்புறம், விளைவைக் கணக்குப் போடாமல் விடுவது. தூங்கும் அழகி கதையில், நூல் நூற்கும் தக்ளி குத்தி இளவரசி சாவாள் என்று சாபம் வந்ததும் நாட்டில் இருக்கும் தக்ளி எல்லாவற்றையும் எரிக்கச் சொல்கிறார் ராஜா. சாபம் பலிப்பதோ அவளுடைய 15 வயதில். அதுவரை நூற்றுப் பிழைத்த பெண்கள் என்ன ஆனார்கள்? அரண்மனைத் திரைச்சீலைக்குத் துணி எங்கிருந்து வந்தது? பக்கத்து நாட்டு ஜவுளி வியாபாரி என்ன விலை வைத்தான்? ஒருவேளை அந்தத் தடையை ராஜாவின் காதில் போட்டதே அவன்தானோ? ஒரு முழு நாவலுக்கு இது போதும். சுங்கச்சாவடியில் மாவு மூட்டைக்குள் கைவிட்டுத் தக்ளி தேடும் காவலனைக் காட்டுங்கள்; வாசகர் சிரித்துக்கொண்டே அந்த நாட்டை நம்பிவிடுவார்.

ரம்பெல்ஸ்டில்ட்ஸ்கின் கதையில், ராஜா கேட்டபடி வைக்கோலைப் பொன்னாக நூற்க முடியாமல் தவிக்கும் மாவு மில்காரர் மகளுக்கு ஒரு குள்ளன் விலை பேசி நூற்றுத் தருகிறான். அதையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். பொன் குவிந்தால் அதன் விலை விழும். 1324-ல் மாலிப் பேரரசர் மான்சா மூசா ஹஜ் போகும் வழியில் கெய்ரோவில் தங்கத்தை வாரி இறைத்தார். அங்கே தங்கத்தின் மதிப்பு சரிந்து, தேறப் பல ஆண்டுகள் ஆயின.

அதே கதையில் இன்னொரு சறுக்கல். பெயரைக் கண்டுபிடிக்கச் சொல்லும் குள்ளனின் உருவத்தின் மேலேயே மொத்தச் சிரிப்பையும் இறக்கிவிடுவார்கள். முதலில் கழுத்துச் சங்கிலி, பிறகு மோதிரம், கடைசியில் குழந்தை என்று நெருக்கடி கூடக் கூட விலையை ஏற்றுகிறவன் அவன். அந்தப் புத்தியைக் கிண்டல் செய்யலாம், உருவத்தை வேண்டாம். ஆனால் விடிவதற்குள் நூற்காவிட்டால் சாவு என்று மாவு மில்காரர் மகளை அறையில் பூட்டியது ராஜாதானே? ஒரு காசு செலவில்லாமல் மூன்று அறைப் பொன்னும் அவருக்குத்தான் போகிறது. அவரைத் தொடாத நையாண்டி எனக்குப் பிடிப்பதில்லை.

மந்திரத்தின் விதியை நடுவில் மாற்ற வேண்டாம். கெட்ட கம்பெனி இடிந்து விழுந்ததும் எல்லோரும் சந்தோஷமாக வாழ்ந்ததாக முடிக்கவும் வேண்டாம். அங்கே வேலை பார்த்தவர்களின் சம்பளப் பாக்கியை யார் தருவது என்று கடைசி அத்தியாயத்தில் ஒருவராவது கேட்கட்டும்.