பார்க்ல விட்டுட்டுப் போன முயல் கண்ணுல பட்டா

வெள்ளையா, கருப்பு வெள்ளையா இருந்தா யாரோ வளர்த்து விட்டதுதான். பழுப்பு கலர் காட்டு முயலைப் பிடிக்காதீங்க, சட்டப்படி தப்பு. துரத்தாம கீழ உட்கார்ந்து கொத்தமல்லி தழை காட்டுங்க, அதுவா வரும், காதைப் பிடிச்சு மட்டும் தூக்கவே தூக்காதீங்க ப்ளீஸ், நெஞ்சுக்கு ஒரு கை பின்பக்கத்துக்கு ஒரு கை குடுத்து அணைச்சுத் தூக்கணும், இல்லன்னா பயந்து உதைக்கிற உதையில அதோட முதுகெலும்பே முறிஞ்சிடும். வீட்ல நிழல், தண்ணி, நிறைய காய்ஞ்ச புல்லு போதும், கேரட்டா போட்டுத் தள்ளாதீங்க. 12 மணி நேரம் சாப்பிடல, புழுக்கை போடலன்னா உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க. ரெண்டு கிடைச்சா தனித்தனியா வைங்க, சேர்ந்தா 31 நாள்ல குட்டி. யாருக்குக் குடுத்தாலும் அவங்க வீட்டை நேர்ல பாருங்க, கறிக்குக் கேக்குறவங்களும் வருவாங்க.