துபாஷிக்கு ஒரு நடுகல்: வைப்பது எப்படி

போரில் பட்டவருக்கு, அதாவது மாண்டவருக்கு, கல் நடுவது தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஆயிரம் ஆண்டுக்கும் மேலான வழக்கம். தருமபுரி அருங்காட்சியகத்து நடுகற்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். யாருடைய ஆட்சியாண்டு, எந்தத் தொறுப்பூசல் (மாடு கவர்வதில் நடந்த சண்டை), பட்டவர் யார் என்று சில வரி வட்டெழுத்து (பழைய எழுத்துமுறை), அவ்வளவுதான். படையோடு போய் இரண்டு பக்கத்துப் பேச்சையும் சுமந்த மொழிபெயர்ப்பாளருக்கும், அந்தக் காலத்துச் சொல்லில் துபாஷிக்கும், அதே மரியாதை சேர வேண்டும்.

முதல் வேலை ஆதாரம் தேடுவது. போர்க்களத்து மொழிபெயர்ப்பாளர்களில் பலர் ஒப்பந்தத்தில் சேர்ந்த சாதாரண மக்கள். வீரர் பட்டியலில் பெயர் இல்லை என்பதால் விட்டுவிடாதீர்கள். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, அதிகாரி கொடுத்த சான்றுக் கடிதம், புகைப்படத்தின் பின்பக்கக் குறிப்பு எல்லாமே சாட்சிதான். படைவீரராகவே இருந்தவர் என்றால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி இந்தப் பக்கத்தைப் பாராமகால் என்று அழைத்த காலத்துத் துபாஷி என்றால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்த்த ஜப்பானிய வம்சாவளியினரின் வேலை பல காலம் ரகசியமாகவே இருந்தது. நாடாளுமன்றத் தங்கப் பதக்கம் 2011-ல்தான் கைக்கு வந்தது. இப்படி ரகசியம் காத்த வேலை என்றால் ஆவணம் கிடைக்கவும் தாமதமாகலாம்.

அடுத்தது சம்மதம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2021 ஆகஸ்டில் ஆப்கானிஸ்தானின் காபூல் தாலிபான் கையில் விழுந்தபின், வெளிநாட்டுப் படைக்கு மொழிபெயர்த்தவர்கள் வீடு வீடாக ஒளிந்து திரிந்தார்கள். அப்படிப்பட்டவரின் சொந்தபந்தம் இன்னும் அங்கே இருந்தால் பெயரும் வேண்டாம், படமும் வேண்டாம். மொழியையும் ஆண்டையும் மட்டும் கல்லில் பொறியுங்கள்.

கல்லுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. 6 அடி உயரம், ஒன்றரை அடி அகலம், அரை அடி கனம் போதும். கன அடிக்குச் சுமார் 75 கிலோ என்று வைத்தால் 340 கிலோ வரும். ஆள் பலத்தை நம்பாமல் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) வைத்து இறக்குங்கள். 2 அடி மண்ணுக்குள் போக வேண்டும். குழியை ஒரே மூச்சில் மண் தள்ளி மூடினால் முதல் மழைக்கே கல் சாயும். ஜல்லியும் மண்ணும் கலந்து, அரை அடிக்கு ஒருமுறை இடித்து இறுக்கி ஏற்றுங்கள். கல்லின் முன்பக்கத்துக்கு மட்டும் பாலிஷ். அதில் வெட்டிய எழுத்து பெயிண்ட் இல்லாமலே வெளிறித் தெரியும். பெயிண்டால் எழுதினால் சில வருஷத்தில் உரிந்துவிடும்.

வாசகம் இரண்டு மொழியிலும் இருக்கட்டும்: அவர் எந்த இரண்டு மொழிக்கு நடுவில் நின்றாரோ அந்த இரண்டும். 'உதவியாளர்' என்று எழுதாதீர்கள். அவர் செய்த வேலைக்குப் பெயர் மொழிபெயர்ப்பு. தமிழ் எழுத்து ஒன்றரை அங்குல உயரம், 3 முதல் 4 மில்லிமீட்டர் ஆழம். புள்ளிகளைத் தனியாக எண்ணிப் பாருங்கள், அதிகம் விடுபடுவது அவைதான். தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒத்தெழுத்து, அதாவது கூட்டெழுத்தின் இரண்டாம் மெய், வரிக்குக் கீழே இறங்கும். 'கிருஷ்ணகிரி' என்ற ஒரு பெயரிலேயே பார்க்கலாம். தமிழுக்கு விடும் வரி இடைவெளி அங்கே பத்தாது. உருது, பஷ்தோ என்றால் கம்ப்யூட்டரில் நகலெடுக்கும்போது எழுத்துகள் இணைப்பு விட்டுப் பிரிந்தும் தலைகீழ் வரிசையிலும் விழும். அதனால் முழு அளவில் தாளில் அச்சடித்து, அந்த மொழியைத் தாய்மொழியாகப் பேசுபவர் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே உளியை எடுக்கச் சொல்லுங்கள்.

இடம் பட்டா நிலமாக இருந்தால் சிக்கலில்லை. புறம்போக்கு என்றால் வாய்ப் பேச்சை நம்பாமல் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மத்தியத் தொல்லியல் துறை காக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது. பக்கத்தில் பழைய நடுகல் இருந்தால் அதற்கு வண்ணம் பூசவோ இடம் மாற்றவோ வேண்டாம்.

கல்லைத் தேர்வதிலிருந்து வாழ்த்துவது வரை, நடுகல்லுக்குத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று ஆறு துறை சொல்கிறது. செப்டம்பர் 30, ஐ.நா. 2017-ல் ஏற்ற பன்னாட்டு மொழிபெயர்ப்பு நாள், அன்று நடலாம். வாழ்த்தலை இரண்டு மொழியிலும் செய்யுங்கள். பேசுபவர் இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தட்டும். மொழிபெயர்ப்பவருக்குத் தனி மைக், பேச்சாளருக்குச் சரிசமமாக நாற்காலி, அழைப்பிதழில் அவர் பெயரும்.