மாலை வகுப்புக்கு நிதி திரட்டுகிறவர்கள் செய்யும் தவறுகள்

போன மாதம் தொண்டிப் பக்கத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் என்னைத் தேடி வந்தார்கள். தாங்கள் படித்த நடுநிலைப் பள்ளியில் மாலை வகுப்பு தொடங்கப் போகிறார்களாம். கையில் பளபளவென்று ஒரு திட்ட அறிக்கை. செலவுப் பக்கத்தைப் புரட்டியதுமே எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஊர்ப் பள்ளியின் மாலை வகுப்புக்கு 2019-இல் நாங்கள் போட்ட அதே கணக்கு: மேலே கருவிகள், நடுவே மேசை நாற்காலி, கடைசி வரியில் ‘ஆசிரியர் ஊக்கத்தொகை: பின்னர் முடிவு செய்யப்படும்’.

ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்குங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது யாருக்கும் தெரியும்.

மார்ச் மாதப் பணம்

எங்கள் பள்ளி மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் நடுவே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் ஒரு நிறுவனத்திலிருந்து தொலைபேசி வந்தது. சமூகப் பொறுப்பு நிதியில் மூன்று லட்சம் ரூபாய் தருகிறோம், மார்ச் 31-க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். தலைகால் புரியவில்லை எங்களுக்கு. சரி என்று சொல்லிவிட்டோம்.

ஆறு வாரத்தில் மூன்று லட்சத்தை எப்படிச் செலவழிப்பது? அடுத்த ஆண்டுச் சம்பளத்தை இப்போதே கொடுத்துக் கணக்குக் காட்ட முடியாது. பொருள்தான் வாங்க முடியும். வாங்கினோம். பதினைந்து டேப்லெட், ஒரு புரொஜெக்டர், அவற்றைப் பூட்டி வைக்க இரண்டு இரும்பு பீரோ. நிறுவனத்தார் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

ஜூனில் பள்ளி திறந்தது. பாடம் சொல்லிக் கொடுக்க, பி.எஸ்சி. கணிதம் முடித்த எங்கள் ஊர் மீனவர் வீட்டுப் பெண் வந்தாள். மாதம் நான்காயிரம் என்று பேச்சு. ஜூன் சம்பளத்தை நான்கு பேர் சேர்ந்து சொந்தப் பணத்தில் கொடுத்தோம். ஜூலைக்குப் பாதிதான் தேறியது. ஆகஸ்டில் அவள் ராமநாதபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாலையில் ஐம்பது பிள்ளைகள் உட்கார்ந்த வராந்தாவில் செப்டம்பரில் பதினொரு பேர். அடுத்த கோடையில் புரொஜெக்டரை எடுத்துப் பார்த்தால், வயர் செருகும் இடத்தில் பச்சைப் பூ பூத்திருந்தது. பீரோவின் அடித்தகடு மீன் செதில் மாதிரி விரலோடு உரிந்து வந்தது. உப்புக்காற்றுக்கு எந்த நிறுவனத்தின் பெயர்ப்பலகையும் ஒன்றுதான்.

நிறுவனங்கள் ஏன் மார்ச்சில் பறக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். நிறுவனச் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவு, அதன் வரம்புக்குள் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் சமூகப் பணிகளுக்குச் செலவிடச் சொல்கிறது. நிதியாண்டு மார்ச்சோடு முடிகிறது. பள்ளி ஆண்டோ ஜூனில் தொடங்குகிறது. இந்த இடைவெளியில்தான் நாம் விழுகிறோம்.

எங்கள் காலத்தில் இதற்கு வழி தெரியவில்லை. 2021 ஜனவரியில் விதி மாறியது. உங்கள் வேலையைத் ‘தொடர் திட்டம்’ என்று நிறுவனத்தின் இயக்குநர் குழு ஏற்றுக்கொண்டால், செலவாகாத தொகையை நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள் அதற்கென்ற தனி வங்கிக் கணக்குக்கு அவர்கள் மாற்றி வைத்துவிட்டு, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிடலாம். ஆகவே பிப்ரவரியில் அழைப்பு வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். “இது மூன்று ஆண்டுத் திட்டம், மாதச் சம்பளம்தான் முக்கியச் செலவு, தொடர் திட்டமாக வையுங்கள்” என்று எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், மூன்று லட்சத்தை விட்டுவிட்டு உள்ளூரில் எண்பதாயிரம் திரட்டுங்கள். இரண்டு பேருக்கு மாதம் நான்காயிரம் வீதம் பத்து மாதச் சம்பளம் அது. அந்த எண்பதாயிரம் நடத்தும் வகுப்பை எங்கள் மூன்று லட்சம் நடத்தவில்லை.

இதைச் சொன்னதும் வந்தவர்களில் ஒருவர், “வருகிற லட்சுமியை வேண்டாம் என்பதா ஐயா?” என்று கேட்டார். அவரைப் பள்ளிக்குக் கூட்டிப்போய் பீரோவைக் காட்டினேன்.

தொகுதி நிதியில் சம்பளம் கேட்பது

கிடைக்காது. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி நிலைத்து நிற்கும் சொத்துகளுக்கானது. வகுப்பறை கேளுங்கள்.

வளைகுடாப் பணமும் வெளிநாட்டுக் குடியுரிமையும்

கீழக்கரை, பெரியபட்டினம் ஆட்கள் வளைகுடாவிலிருந்து தாராளமாக அனுப்புவார்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் சிங்கப்பூர் அல்லது மலேசியக் குடியுரிமை வாங்கிவிட்ட நம் மாமாவின் பணம், ரூபாயாகவே தந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அனுமதி இல்லாமல் உங்கள் அறக்கட்டளை அதைத் தொடக் கூடாது. உறவு வேறு, பாஸ்போர்ட் வேறு. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். கேளுங்கள்.

கடலைப் பார்க்காமல் காசு கேட்பது

பெற்றோரும் பங்கு தர வேண்டும் என்பது நல்ல யோசனை. அதை மே மாதத்தில் கேட்டுத்தான் நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிறவர் வீட்டில் அப்போது அடுப்பு எரிவதே கடன் வாங்கித்தான். ஆனால் அப்பாக்கள் கரையில் இருக்கும் காலமும் அதுதான். அப்போது கூட்டம் போடுங்கள், கையெழுத்து வாங்குங்கள், யார் பிள்ளையை யார் இருட்டில் வீடு சேர்ப்பது என்று பேசி முடியுங்கள். காசை ஆகஸ்டில் கேளுங்கள்.

சுண்டலை வெட்டுவது

பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் எல்லோரும் முதலில் கை வைப்பது மாலையில் பிள்ளைகளுக்குத் தரும் சுண்டலில்தான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைதான். பாசி எடுக்க அம்மா விடியலிலேயே கடலுக்குப் போய்விட்ட வீட்டில், ஏழாம் வகுப்புப் பெண் தம்பியைக் கிளப்பிக் கூட்டிவருகிறாள். தம்பி பள்ளியில் சாப்பிடுகிறான், அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மதியச் சத்துணவோடு மாலை ஐந்து மணிக்கு அவளிடம் பின்னம் நடத்தினால் என்ன ஏறும்? ஒரு கைப்பிடி சுண்டலுக்கு எங்களுக்கு எட்டு ரூபாய் ஆகிறது. தாளில் எழுதும்போது இதைச் சம்பளத்துக்கு அடுத்த வரியில் எழுதுங்கள்.

எட்டாம் வகுப்பில் தொடங்குவது

தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வை எட்டாம் வகுப்பில்தான் எழுதுகிறார்கள் என்று பயிற்சியையும் அங்கேயே தொடங்குகிறார்கள். ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணே 55 சதவீதம் இருக்க வேண்டும். பட்டியல் இன, பழங்குடிப் பிள்ளைகளுக்கு 5 சதவீதம் தளர்வு. ஆறிலேயே பிடியுங்கள். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் ஆயிரம், நான்கு ஆண்டில் 48,000 ரூபாய். உள்ளூர்க் கடைக்காரரிடம் நன்கொடை கேட்கப் போகும்போது இந்தக் கணக்கைத்தான் நான் சொல்வேன். அவருக்கு உடனே புரியும்.

புகைப்படம்

நன்கொடை தந்தவர்களுக்குக் காட்ட வாரம் ஒன்று போதும். பிள்ளைகள் படிக்கட்டும்.