கேவிஎம் சுவிட்சில் குறுக்குவிசை வேலை செய்யவில்லையா?

ஒரே விசைப்பலகை, மவுஸ், திரை ஆகியவற்றைக் கொண்டு 2 அல்லது 4 கணினிகளை இயக்க உதவும் கேவிஎம் சுவிட்சில், பெட்டியிலுள்ள பொத்தானை ஒவ்வொரு முறையும் எட்டி அழுத்த வேண்டியதில்லை. பல மாதிரிகளில் ஸ்க்ரோல் லாக் விசையை விரைவாக 2 முறை தட்டி, உடனே அடுத்த கணினியின் எண்ணை அழுத்தினால் போதும்; இதுவே குறுக்குவிசை. சில மாதிரிகளில் இதற்குக் கண்ட்ரோல் விசை பயன்படுகிறது என்பதால், கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியும் மாறவில்லை என்றால், சுவிட்ச் பழுதாகிவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், விசைப்பலகையின் கம்பி எங்கே செருகப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பெட்டியில் ஒரே வடிவில் பல யூஎஸ்பி போர்ட்டுகள் இருந்தாலும், பெரும்பாலும் விசைப்பலகைப் படம் பொறித்த போர்ட்டில் வரும் தட்டல்களை மட்டுமே சுவிட்ச் கவனிக்கிறது. பென் டிரைவ், பிரிண்டர் போன்றவற்றுக்கான போர்ட்டில் செருகினால் எழுத்துகள் திரையில் வழக்கம்போல் வரும், ஆனால் மாற்றும் கட்டளை சுவிட்சுக்கு எட்டாது. பலரையும் குழப்புவது இதுதான். கூடுதல் விசைகளும் வண்ண விளக்குகளும் கொண்ட விசைப்பலகைகளிலும் இந்தச் சிக்கல் வரக்கூடும் என்பதால், எளிய கம்பி விசைப்பலகை ஒன்றைப் பொருத்திச் சோதிப்பது நல்லது.

கணினி மாறியும் திரை கறுப்பாகவே இருந்தால், அந்தக் கணினி தொடங்கியபோது திரையின் விவரங்கள் அதற்குக் கிடைக்காமல் போயிருக்கலாம். சுவிட்சை அந்தக் கணினிக்கே மாற்றி வைத்துக்கொண்டு, கணினியை மறுபடியும் தொடங்கிப் பாருங்கள்.